கடனீரேரிப் பறவைகளும் கமராவும்



வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தை மாதத்துப் பனி இறங்கும் நாள்களில், யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தீவுப்பகுதிக்குச் செல்வோர் இருமருங்கும் ஆழமற்ற நீரிற் பறவைக் கூட்டங்களைக் காண்பர். அண்மைக் காலமாக அங்கே வேறொரு கூட்டமும் சேர்கின்றது. அது கமரா ஏந்தியோர் கூட்டம். எம் மாணவரும் அவருள் உளர். அவ்வார்வத்தை யான் பெரிதும் வரவேற்கின்றேன். ஆயினும் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டியன சில உள.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் தொண்டைமானாறு, உப்பாறு ஆகிய கடனீரேரிகளிற் சேர்ந்து, பின்னர் மெல்ல வற்றுகின்றது. அப்பொழுது வெளிப்படும் சேற்றிலே புழுவும் நத்தையும் சிறு இறாலும் மலிந்திருக்கும். வெறும் தரவை என்று நாம் இகழ்ந்து குப்பை கொட்டும் நிலமே தூரதேசத்துப் பறவைகளுக்கு உணவுச்சாலை. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. தென்மராட்சியிலே சரசாலைக் குருவிக்காட்டின் கண்டல் மரங்களையும் பலர் அறிவர்.

இனி, படம்பிடிப்போர் செயலைப் பார்ப்போம். பூநாரைக் கூட்டம் தலையைக் கவிழ்த்து அமைதியாக இரை தேடிக்கொண்டிருக்கும். அது பறக்கும் காட்சி வேண்டுமென்று கைதட்டுவாரும் கல்லெறிவாரும் உளர். பூநாரை நின்ற இடத்திலிருந்து எளிதில் எழுவதன்று. நீர்மேற் சிறிது தூரம் ஓடியே எழும். உள்ளான்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பங்குனி, சித்திரையில் வடதிசை மீளுமுன் அவை உடலிற் கொழுப்பைச் சேர்த்தாகவேண்டும். கலைக்குந்தோறும் உண்ணும் பொழுது குறைகின்றது. சேர்த்த வலுவும் வீணாகின்றது. அவற்றின் வழி எத்துணை நீண்டது! 2021ஆம் ஆண்டில் மன்னாரிலே சிறு கருவி பூட்டி விடப்பட்ட கடற்காகம் ஒன்று ருசியாவின் வடகோடிவரை சென்றமை ஆய்வாளரால் அறியப்பட்டது.

வெயில் ஏறுமுன் செல்லுங்கள். ஞாயிறு முதுகுப்புறமாக இருக்கத் தாழ அமர்ந்து, அசையாதிருங்கள். சிறிது நேரத்தில் அச்சந் தெளிந்து பறவை தானே அணுகும். துரத்திப் பெற்ற படத்திற் பெரும்பாலும் வாலே தெரியும். காத்திருந்து பெற்ற படத்திற் கண் தெரியும். ஆட்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துமாயின் அதன் முட்டை அருகே வெறுந்தரையில் இருக்கின்றதென்று கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். தாய் அகன்றால் முட்டை வெயிலிற் கெடும், காகமும் விடாது. கூட்டைப் படம்பிடிப்பதை அடியோடு விலக்குவதே நன்று என்பது என் எண்ணம்.

நல்ல படம் கல்விக்கும் உதவும். பூநாரைக் கூட்டத்திற் சாம்பல் நிறத்தன இளம்பறவைகள். இளஞ்சிவப்பு, வளர்ந்தபின் உணவினால் வருவது. நாரையின் அலகைப் பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார் சத்திமுற்றப்புலவர். பனையோடு வாழும் எமக்கு அவ்வுவமையின் நயத்தை விளக்கவும் வேண்டுமோ?

படத்தோடு நாளையும் இடத்தையும் நீரின் அளவையும் ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். சில பறவைகளின் காலில் ஆய்வாளர் பூட்டிய வளையமோ நிறத் தகடோ இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அதன் எழுத்துகளை வாசித்துப் பறவை ஆய்வாளருக்கு அறிவித்தால், அப்பறவை எந்நாட்டில், எவ்வாண்டில் வளையம் பெற்றதென்பதை, அதனை மீண்டும் பிடியாமலே அறியலாம்.