ராஜா கதையும் நம் கதையும்

(காரைக்குடியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றையப் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சில தோழர்கள் முகம் சுளித்ததாக அறிகிறோம். பஞ்சப்படி பேச வேண்டும், கூலி பாக்கி பேச வேண்டும். அந்த இடத்தில் சரித்திர நாவலைப் பற்றி என்ன பேச்சு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளியின் தலைமாட்டைப் பாருங்கள். அரைத் தூக்கம் தூங்கி எழுந்து 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தைப் புரட்டுகிறார். களையெடுக்கப் போகிற பெண்கள் இடுப்பில் செருகிய அலைபேசியில் அதே கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். நம் ஜனங்கள் எதை இத்தனை ஆசையோடு படிக்கிறார்களோ, அதைப் பற்றிப் பேசாமல் நாம் வேறு யாரைப் பற்றிப் பேசப் போகிறோம்?

'அது வெறும் ராஜா ராணிக் கதை, மயக்க மருந்து' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளுவது சுலபம். அந்தப் புத்தகம் மட்டும் தொழிலாளியின் கையை விட்டுப் போவதில்லை. ஏன் என்று யோசிக்க வேண்டும்.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ராஜ வம்சம் என்று பெயர். ஆனால் நாடு இல்லை, சொத்து இல்லை. கையில் ஒரு வாள், ஒரு குதிரை, கொண்டு சேர்க்க வேண்டிய ஓலை. அவ்வளவுதான். அவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு பெரிய ராஜ்யத்தின் கதியே அவன் போகிற வழியில் மாறுகிறது. அவன் கொண்டுபோன ஓலை போய்ச் சேருகிறது. சக்கரவர்த்தி படிக்கிறார், இளவரசி படிக்கிறாள். நாம் எழுதுகிற ஓலை எங்கே போகிறது? திங்கட்கிழமை மனுப்பெட்டிக்குப் போகிறது, அதற்கு ஒரு நம்பர் கிடைக்கிறது, அத்தோடு சரி. ஒரு மனிதன் செய்கிற காரியத்துக்கு உலகத்தில் பலன் உண்டு என்ற எண்ணமே உழைப்பாளிக்குப் பெரிய இன்பம். அவனுடைய அன்றாட வாழ்க்கையில் கிடைக்காத அந்த இன்பத்தைக் கதை கொடுக்கிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

எழுதியவர்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. கல்கி சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1941 இல் 'கல்கி' பத்திரிகை தொடங்கியதும் 'பார்த்திபன் கனவு' எழுதினார். சோழ நாடு பல்லவருக்குக் கப்பம் கட்டாமல் தனியாட்சி பெற வேண்டும் என்று ஒரு ராஜா காண்கிற கனவுதான் கதை. வெள்ளைக்காரன் ஆட்சியும் யுத்தகாலத் தணிக்கையும் இருந்த நாள் அது. ஏழாம் நூற்றாண்டு வேஷம் போட்டு வந்த கனவு யாருடைய கனவு என்று படித்த ஜனங்களுக்குத் தெரியாதா? நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல எழுத்தாளனுக்குச் சரித்திரம் இடம் கொடுக்கிறது. பிறகு 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' வந்தது. அது முடிந்த அதே 1954 இல், டிசம்பர் மாதம் கல்கி காலமானார். 2022 இலும் 2023 இலும் அது இரண்டு பாகப் படமாக வந்தபோது, கதை தெரிந்தும் போய்ப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது இருப்பார்கள்.

இந்த விஷயத்தில் நம் செட்டிநாட்டுக்கும் பங்கு உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா'வை வாரம்தோறும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த 'குமுதம்' பத்திரிகையை 1947 இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை செட்டிநாட்டுக்காரர். வானதி பதிப்பகம் நடத்திய திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 'சேரமான் காதலி' எழுதி சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் பழைய புத்தகமும் பத்திரிகையும் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாயிற்று. வட்டிக்கடை மட்டுமல்ல, அச்சுக்கடையும் வைத்த சீமை இது.

சரி, இந்தக் கதைகளில் எது கிடைக்கவில்லை? 'பொன்னியின் செல்வ'னுக்கு ஆதாரமான கல்வெட்டு ஒன்று காட்டுமன்னார்கோவில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. நாவலாசிரியர் கண்ணில் பட்டது கொலை. நம் கண்ணில் வேறொன்றும் பட வேண்டும். அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது? நிலத்துக்காக! துரோகிகளும் அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலமும் மனையும் பறிமுதலாகி விலைக்குக் கைமாறிய விவரம் அது. கொலை நடந்தது என்பதே நமக்கு ஒரு நிலப் பத்திரம் மூலமாகத்தான் தெரியவருகிறது. அந்த நிலத்தை உழுதவன் யார்? கைமாறிய மறுநாளும் அதே ஆள்தான் அதே வயலில் இறங்கியிருப்பான். அவன் பெயர் கல்லில் இல்லை, ஐந்து பாகம் நாவலிலும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் கல்வெட்டுகளிலேயே 'தீண்டாச்சேரி' இருக்கிறது, 'பறைச்சேரி' இருக்கிறது. கூலி இல்லாமல் வாங்கிய வேலைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று பெயர். இன்றைக்கும் 'வெட்டி வேலை' என்கிறோமே, அந்த வெட்டிதான். இதைச் சொல்வதால் கோயிலின் அழகு குறைந்துவிடப் போவதில்லை. கல் சுமந்தவனின் பேரன் அதை நிமிர்ந்து பார்க்கும்போது, 'இது எங்கள் கைவேலை' என்று சொல்ல வேண்டும் என்கிறோம். 'எங்கள் ராஜா கட்டியது' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பதுதான் ஆபத்து.

ஆபத்து என்று வாய் தவறிச் சொல்லவில்லை. ஒரே மில்லில் ஒரே ஸ்பின்னிங் கட்டில் நிற்கிற இரண்டு வாலிபர்கள், சங்கத்தில் ஒரே சந்தா கட்டுகிறவர்கள், ராஜராஜன் எந்த ஜாதி என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் குலம்தான் ஆண்டது என்று இவன் சட்டையில் அச்சடித்துக்கொள்கிறான். இல்லை, எங்கள் குலம் என்று அவன் சுவரொட்டி ஒட்டுகிறான். இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம் ஒன்றுதான். இருவருடைய பாட்டன்மாரும் ஆண்டவர்கள் அல்ல, ஆளப்பட்டவர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன ராஜாவுக்காக இன்றைக்கு மண்டை உடைகிறதென்றால், கூலி கொடுக்க வேண்டியவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவான்.

ஆகவே, கதையைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்: கதை சொல்கிறவர் யார் பக்கத்தில் நிற்கிறார்? இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சிங்கம்புணரிக்குப் பக்கத்துப் பிரான்மலையைத்தான் பாரி வள்ளலின் பறம்பு மலை என்கிறார்கள். முந்நூறு ஊர் கொண்ட அந்தச் சின்ன நாட்டைச் சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். உழாமலே விளைகிற மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் உள்ள மலை, முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாது என்று கபிலர் பாடினார். கடைசியில் வஞ்சகத்தால்தான் பாரி மாண்டான் என்பது வரலாறு. மற்ற நாவல்களில் கதாநாயகர்களாக வருகிற மூவேந்தர் வம்சம், பறம்பின் கதையில் படையெடுத்து வந்த கூட்டம்! இதையே எடுத்துக்கொண்டு, கம்யூனிஸ்டுக் கட்சி ஊழியரான சு. வெங்கடேசன் 2016 முதல் 2018 வரை 'ஆனந்த விகட'னில் 'வீரயுக நாயகன் வேள்பாரி' எழுதினார். காதலும் சாகசமும் குறையாத கதை. நூறு வாரத்துக்கும் மேலாக ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள். சரித்திர நவீனம் என்றாலே அரண்மனைக்குத்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கற்பனையை விட நம்ப முடியாத சம்பவங்கள் இந்த மண்ணில் நடந்திருக்கின்றன. காளையார்கோவிலில் 1772 இல் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையால் கொல்லப்பட்டார். எட்டு வருஷம் கழித்து வேலுநாச்சியார் திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார். 1801 ஜூன் 16 இல் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் விளித்து, வெள்ளையனுக்கு எதிராக எழச் சொன்னது அது. ஜாதிக்கு ஒரு ராஜாவைப் பங்கு பிரித்துக்கொள்கிற நம் வாலிபர்கள் அதை ஒருதரம் படிக்க வேண்டும். அதே வருஷம் அக்டோபர் 24 இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கண்ணதாசன் 1959 இல் 'சிவகங்கைச் சீமை' என்று படம் எடுத்தது இந்தக் கதையைத்தான்.

தூக்குக்குப் பின் நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் புறப்பட்டது. எழுபத்து மூன்று பேரை விலங்கிட்டு அதில் ஏற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 'கடல் புறா'வில் கப்பலேறிப் போகிறவர்கள் ஸ்ரீவிஜயத்தைக் கலக்குகிறார்கள். இவர்கள் அதே திசையில் கைதிகளாகப் போனார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் கடைசி மகன் துரைச்சாமி, வயதில் சிறியவன்.

கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தான். யுத்தத்துக்கு முன் மருதுவின் விருந்தாளி; ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்றுக்கொண்டவன். பிறகு அந்த மருதுவையே வேட்டையாடிய படையிலும் இருந்தான். 1818 இல் அவன் பினாங்குக்குப் போனபோது, தளர்ந்த கிழவன் போல ஒரு மனிதன் எதிரே வந்து நின்றான். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமி என்று பெயர் சொன்ன பிறகே தெரிந்தது. ஊரிலே மிச்சமிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொல்லித் துரைச்சாமி கேட்டான். சட்டம் இடம் கொடுக்காது என்று வெல்ஷ் வாங்கவில்லை. இதையெல்லாம் வெல்ஷே எழுதி 1830 இல் லண்டனில் அச்சிட்டான். நம் மருது எப்படிப்பட்டவர், மகன் என்ன ஆனான் என்பதை, பிடித்துக் கட்டிய பகைவனின் புத்தகத்திலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தில் என்ன எழுத நினைத்தான்? கப்பலில் கூடப் போன எழுபத்திரண்டு பேரின் பெண்டாட்டி பிள்ளைகள் இந்தச் சீமையில் எப்படிப் பிழைத்தார்கள்? இந்த இடத்தில்தான் நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையை நாமே ஏன் செய்யக்கூடாது? எழுதுவது படித்தவர் தொழில் என்று ஒதுங்க வேண்டாம். சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெரியாத பல சங்கதிகள் உங்களுக்குத் தெரியும். கண்மாய் உடைப்பை ராத்திரியில் எப்படி அடைப்பது, அறுப்பில் எந்த விரல் முதலில் வெட்டுப்படும், பசியோடு சுமை தூக்கும்போது எந்தப் பாட்டு வாயில் வரும் - இது தெரியாமல் எழுதிய போர்க்களத்தில் ரத்தம் ஓடும், வியர்வை வராது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நடந்ததை நடந்ததாகவும், கற்பனையைக் கற்பனையாகவும் எழுத வேண்டும். நம் பக்கத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக இல்லாத வீரனைச் சரித்திரத்தில் நுழைத்தால், ஜாதிச் சங்கத்தார் செய்வதையே நாமும் செய்தவர்களாவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு ஏற்பாடு. 'வேள்பாரி'யின் முதல் சில அத்தியாயங்களை ஒரு தோழர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பது. எழுத்து தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், அவர்கள்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். அத்துடன், அவரவர் ஊர்க் கண்மாயை வெட்டியவர்கள் யார், மடை காத்தவர்கள் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுத வராதவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்கிறோம். காகிதமும் பேனாவும் சங்க ஆபீசில் இருக்கின்றன.