தேர்ச்சி வேறு, முன்னறிவு வேறு
(ஒக்கூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரிப் பாடத்திட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றிப் பள்ளி ஆசிரியர் ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இளங்கலைத் தமிழ் முதலாண்டு. அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண். "சங்க இலக்கிய வகுப்புல ஒண்ணுமே புரியலை டீச்சர். நின்னுடலாம்னு பாக்குறேன்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

அவளுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் படித்தேன். 5 அலகுகள், பாடல் எண்கள், பார்வை நூல்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'முன்னறிவு' என்ற கட்டத்தில் மட்டும் '12ஆம் வகுப்புத் தேர்ச்சி' என்று எழுதியிருந்தது. தேர்ச்சி என்பது கல்லூரியில் சேர்வதற்கான தகுதி. முன்னறிவு என்பது முதல்நாள் வகுப்புக்குப் பிள்ளை கொண்டுவரும் கைப்பொருள். இரண்டும் ஒன்றல்ல.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒக்கூர் மாசாத்தியார் பாடியவையாக 8 பாடல்கள் கிடைத்துள்ளன. குறுந்தொகையில் 5, அகநானூற்றில் 2, புறநானூற்றில் 1. அந்தப் புறநானூற்றுப் பாடலை (279) அவளிடம் கொடுத்தேன். அவளால் பதம் பிரிக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து பிரித்தோம். முந்தைய நாள் போரில் கணவனை இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். படித்து முடித்ததும், "அனுப்பும்போது அவ அழுதிருப்பாளா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் கல்லூரிப் படிப்பு தொடங்குகிறது. அதுவரை வந்து சேரப் படிக்கட்டு வேண்டும்.

ஆகவே பாடத்திட்டத்திற்கு நான்கு தேவைகளைச் சொல்வேன். முதலாவது, வருகிற மாணவர் எதைத் தானாகச் செய்வார் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கற்றல் விளைவைச் செயலாக எழுத வேண்டும். 'சங்க இலக்கியத்தை அறிதல்' என்பதை எப்படி அளப்பது? 'படிக்காத பாடல் ஒன்றைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லுதல்' என்றால் அளக்கலாம். மூன்றாவது, நேரக் கணக்கு. வாரம் 6 மணி நேரம் வீதம் 15 வாரங்களுக்கு 90 மணி. 5 அலகுகளுக்குப் பங்கிட்டால் அலகுக்கு 18 மணிதான். தேர்வும் திருப்புதலும் அதற்குள் அடங்க வேண்டும். நான்காவது, தேர்வு வினா அந்த விளைவையே சோதிக்க வேண்டும்.

முதல் தேவையை அரசும் உணர்ந்திருக்கிறது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுவதை எளிதாக்க முதல் பருவத்திலேயே அடித்தளப் பாடம் சேர்க்கப்பட்டது. ஆனால் அடித்தளம் எங்கே பலவீனம் என்று யார் சொல்வது? தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் துறைத் தலைவர், துறைப் பேராசிரியர்கள், வெளி வல்லுநர்கள், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகியோருக்கு இடம் உண்டு. பள்ளி ஆசிரியருக்கென்று ஓர் இடம் இல்லை.

குறையைக் கல்லூரியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குச் செய்யுளின் பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்தான். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பாடலையாவது அவளே பிரித்துப் படிக்க நான் விட்டதில்லை. இந்த ஆண்டு முதல் வாரம் ஒரு நாள், பாடநூலில் இல்லாத நான்கு அடிகளைக் கொடுத்துப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்கிறேன். பாதித் தப்பு வருகிறது, வரட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஆண்டு முடிவில் அவரவர் பாடத்துக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுவோம். நம் பிள்ளைகள் எதைத் துணையின்றிச் செய்வார்கள், எங்கே தடுமாறுவார்கள் என்று ஒளிக்காமல் எழுதி, நம் பிள்ளைகள் சேரும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களிடம் கொடுப்போம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு இப்படியொரு பக்கம் தரலாம்.

அந்தப் பெண் படிப்பை நிறுத்தவில்லை. இப்போது இரண்டாமாண்டு படிக்கிறாள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தீபாவளிக்கு நம் வீடு தேடி வர மாட்டார்கள்.