ஏசி நாத்தத்துக்கு கேஸ் காரணம் இல்ல

இன்னிக்கு சின்ன எபிசோட் தான், ஆனா உங்க காசை மிச்சப்படுத்தும்.

போன மே மாசம், வேளச்சேரியில எங்க வாடகை வீடு. ஏசி போட்டாலே காயாத துணி மாதிரி ஒரு நாத்தம். ரூம்மேட்டுக்கு வீசிங் உண்டு, ராத்திரியெல்லாம் இருமல். சர்வீஸுக்கு வந்தவர் மோந்து பார்த்துட்டு, "கேஸ் லீக் தம்பி, 3,500 ஆகும்"னு சொன்னார்.

எனக்கு அங்கதான் இடிச்சது. வீட்டு ஏசியில இருக்கிற ஆர்32 மாதிரி கேஸுக்கு இப்படி ஈரத்துணி வாடை வராது. கேஸ் குறைஞ்சா கூலிங் குறையும், காயில்ல ஐஸ் கட்டும். எங்க ஏசி நல்லாவே கூல் ஆச்சு. "அப்புறம் சொல்றேண்ணா"னு அனுப்பிட்டேன்.

உண்மையான காரணம் தண்ணி. ஐஸ் வாட்டர் டம்ளர் வெளியே வேர்க்கும்ல? ஏசிக்குள்ள இருக்கிற காயிலும் அப்படித்தான் வேர்க்கும். அந்தத் தண்ணி ட்ரேயில விழுந்து பைப் வழியா வெளியே போகணும். நாம ஏசியை ஆஃப் பண்ணதும் காயில் ஈரமாவே நிக்குது. ஈரம், தூசி, இருட்டு மூணும் சேர்ந்தா பூஞ்சை. ரூம் ஸ்ப்ரே அடிச்சா வாடை மறையும், பூஞ்சை போகாது.

நான் செஞ்சது இதுதான். முதல்ல மெயின் ஸ்விட்ச் ஆஃப். ஃபில்டரைக் கழட்டி வெறும் தண்ணியில கழுவி, நிழல்ல நல்லா காயவெச்சேன். சீசன்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இது போதும். அடுத்து ட்ரெயின் பைப். ஏசி அரை மணி நேரம் ஓடியும் வெளியே சொட்டலைன்னா அடைப்பு இருக்கலாம். கடைசியா மொபைல் டார்ச் அடிச்சு ப்ளோயரைப் பார்த்தேன். முழுக்கக் கறுப்புப் புள்ளி! அதுல நான் கை வைக்கல. உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கு, தண்ணி பட்டா செலவு எகிறிடும். வேற ஆளைக் கூப்பிட்டு வாட்டர் சர்வீஸ் பண்ணேன், 600 ரூபாய். பிளீச் மட்டும் ஊத்திடாதீங்க, அலுமினியம் அரிச்சிடும்.

திரும்ப வராம இருக்க ஒரே பழக்கம்: காலையில எழுந்ததும் ஏசியை ஆஃப் பண்ணாம ஃபேன் மோடுக்கு மாத்துங்க. ஜன்னலைத் திறந்துட்டு குளிக்கப் போங்க. அரை மணி நேரத்துல காயில் காஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை: கருகின வாடை வந்தா அது வேற கதை. உடனே மெயினை ஆஃப் பண்ணி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ரூம்மேட் இப்போ நிம்மதியா தூங்குறான். குறட்டை நாத்தத்தை விட மோசம், அதுக்கு இன்னும் ஃபிக்ஸ் கிடைக்கல. அடுத்த வாரம் பார்ப்போம்!