மாலுமிகளுக்கு ஒரு தங்குமிடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் சரக்குக் கப்பல் மாலுமிக்குக் கடலைவிடக் கரையே ஆபத்தானது. பல மாதச் சம்பளத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு இறங்குபவரைத் துறைமுகத்திலேயே தரகர்கள் மடக்குவார்கள். விடுதி, சாராயம், கடன் என்று பணத்தைக் கறந்த பிறகு அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கப்பல் தரும் முன்பணமும் தரகரின் பைக்கே போகும்.

இதைத் தடுக்க, வெல் தெருவில் 1835இல் மாலுமிகள் இல்லம் திறக்கப்பட்டது. 1828இல் இடிந்து விழுந்த பிரன்ஸ்விக் நாடக அரங்கம் நின்ற மனை அது. நியாயமான கட்டணத்தில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன. சம்பளத்தைப் பத்திரமாக ஒப்படைத்து வைக்கவும் வழி இருந்தது. பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஜோசப் கான்ராட், மாலுமியாக இருந்த காலத்தில் இங்கே தங்கியிருக்கிறார்.

லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளின் நிலை இன்னும் மோசம். ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல், லண்டன் குளிரில் தெருவிலேயே இறந்தவர்கள் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்க, தென்கடல் தீவு மாலுமிகளுக்கென்று 1857இல் லைம்ஹவுஸில் தனி இல்லம் வந்தது. நாட்டை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாப் மகாராஜா துலீப் சிங் அதற்கு 500 பவுன் கொடுத்தார். திரும்பும் கப்பலில் வேலை தேடித் தருவதும் இல்லத்தின் பொறுப்பு. கருணை இருந்தது உண்மை. இவர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடும் அவசரமும், கூடவே மதப் பிரசாரமும் இருந்தன. அந்த இல்லம் 1937இல் மூடப்பட்டது.