ஒரு மணி நேர மறியல் போதும் என்று யார் சொன்னது?

(கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் நடந்த விவசாயிகள் பொதுக்கூட்டத்தில் பேசியது)



சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே டீக்கடையில் ஒரு டீ சாப்பிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இந்த மேடையைக் காட்டிக் கேட்டார்: "ரோட்ல குந்திக்கினா கவர்மெண்ட்டு எறங்கி வந்துடுமா? எத்தினியோ பாத்துட்டோம்." அங்கேயே பதில் சொல்ல எனக்கு மனசில்லை. கூட்டத்துக்கு வாங்க பெரியப்பா, மைக்கில் சொல்றேன் என்றேன். வந்திருக்கிறார். அதோ, டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கிறார்.

பெரியப்பா, நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. இத்தனை வருஷமாக நாம் போராட்டம் என்று எதைச் செய்தோம்? 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. நெல் மூழ்கியது, மாடு போனது, வீட்டுச் சுவர் விழுந்தது. மாவட்டம் முழுக்க மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். போலீஸ் ஜீப் வரும். அதிகாரி வருவார். "மேல எழுதறோம், ரெண்டு நாள்ல நடவடிக்கை எடுக்கறோம்" என்பார். நாம் எழுந்து வீட்டுக்குப் போவோம். மறுநாள் பேப்பரில் "இதனால் அப்பகுதியில் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். போக்குவரத்து பாதித்தது அதில் இருக்கும். நம் பயிர் போனது இருக்காது.

எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, ஒரு மணி நேர மறியலைச் சமாளிக்க அரசாங்கத்திடம் எப்போதும் ஏற்பாடு தயார். அதற்கென்று அதிகாரி இருக்கிறார், அதற்கென்று பதில் இருக்கிறது. பத்தாவது நாளுக்கு அதனிடம் ஏற்பாடு கிடையாது. நான் சொல்ல வந்தது இதுதான். மக்கள் போராட்டம் அரசாங்கத்தைக் கட்டிப்போடும். ஆனால் நாம் நிற்கிற நாள் அது காத்திருக்கிற நாளைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இதைச் சொல்ல இந்த ரோட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை. இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அது பார்த்த கதை, மீதிப் பேருக்குக் கேட்ட கதை. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் அறிவித்த ஏழு நாள் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். வட மாவட்டங்கள் துண்டாகிப் போயின. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். போலீஸ் சுட்டது, அடித்தது. 21 உயிர் போனது. சித்தணி, பாப்பனப்பட்டு, முண்டியம்பாக்கம் என்று ஊர்ப் பெயரோடு அந்த 21 பேரின் பெயரைச் சொல்வார்கள். எல்லாம் நாம் பஸ்ஸில் போகும்போது கடந்து போகிற ஊர்கள்.

இட ஒதுக்கீடு அந்த ஏழு நாளில் கிடைத்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். கிடைக்கவில்லை, அம்மா. சங்கம் தொடங்கியது 1980. 1986-இல் ஒரு நாள் மறியல் நடத்தினார்கள், அரசாங்கம் அசையவில்லை. 1987-இல் ஏழு நாள். அந்த நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். கூப்பிட்டுப் பேசினார். டிசம்பரில் அவரே காலமாகிவிட்டார். 1989 ஜனவரியில் சட்டசபைத் தேர்தல் வந்தது, புறக்கணிப்போம் என்றார்கள். அந்த மார்ச் மாதம், புதிதாக வந்த கலைஞர் அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 சதவீதம் என்று உத்தரவு போட்டது. கேட்டது ஒரு சாதிக்கு 20. கிடைத்தது நூற்றுக்கு மேற்பட்ட சாதிகளுக்குச் சேர்த்து 20. ஒன்பது வருஷம், இரண்டு ஆட்சி, 21 உயிர். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் குடிசையிலிருந்து எத்தனை பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போராட்டத்தால் எதுவும் நடக்காது என்கிறவர் முதலில் அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த ஏழு நாளில் காலனிக் குடிசைகளும் எரிந்தன. மறியலுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? சுட்டது அரசாங்கம், எரிந்தது நம்மோடு நாற்று நட்டவன் வீடு. அந்தச் சாம்பல் இன்னும் ஆறவில்லை. ஒரு தலைமுறைக்கு ஊரும் காலனியும் ஒரே பந்தலில் உட்கார முடியாமல் போனது. எந்த அரசாங்கத்துக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு கிடையாது. இன்று இந்தக் கூட்டத்தில் ரெண்டு பக்கத்தாரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இங்கே பேசத் தைரியம் கொடுத்ததே அதுதான்.

விவசாயி கதைக்கு வருகிறேன். 1970-இல் மோட்டார் பம்புக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றினார்கள். அந்த ஒரு பைசாவை எதிர்த்ததற்காகக் கொங்கு நாட்டுப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடு அதோடு ஓய்ந்தாரா? 1972-இல் கோயம்புத்தூரை மாட்டு வண்டிகளால் நிரப்பினார். அவர் 1984-இல் போய்ச் சேர்ந்தார். எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-இல். பெருமாநல்லூரிலிருந்து இருபது வருஷம். இன்று உங்கள் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறதே, அதில் ஆளும் கட்சி தந்த தானம் ஒரு பொட்டும் இல்லை.

வந்ததைப் பிடுங்கவும் பார்த்தார்கள். 2003-இல் ஜெயலலிதா அரசு விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் போட்டது. அதே வருஷம் ஜூலையில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 1.70 லட்சம் பேரை ஒரே அடியாக வேலையை விட்டுத் தூக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எல்லாக் கதவும் சாத்தியாயிற்று என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். 2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் ஆளும் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே இலவச மின்சாரம் திரும்பி வந்தது, ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள் திரும்பிப் போயின. அது சட்டசபைத் தேர்தல்கூட இல்லை. அந்த அரசுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்தது. ஆட்சி மாறாமலே, ஆண்டுகொண்டிருந்தவரின் கையாலேயே உத்தரவுகள் தலைகீழாயின.

ஆக, தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எதற்குத் தெருவில் உட்கார வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தெருவில் உட்கார்ந்தவன்தான் தேர்தல் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பான். வீட்டில் உட்கார்ந்தவன் கடைசி வாரத்துக் கவரை வாங்கிக்கொண்டு மறந்துவிடுவான்.

அரசாங்கம் காத்திருந்து ஏமாற்றியதும் உண்டு. இடிந்தகரையை மறக்க முடியுமா? 2011-இலிருந்து கூடங்குளம் அணு உலை வேண்டாமென்று மீனவப் பெண்கள் உட்கார்ந்தார்கள். மக்கள் பயம் தீரும்வரை வேலை நிறுத்தச் சொல்லி மாநில அமைச்சரவை தீர்மானமே போட்டது. 2012 மார்ச் 18, சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள் மார்ச் 19, உலைக்குப் பச்சைக்கொடி. ஓட்டுப் பெட்டிக்குச் சீல் வைத்த அரக்கு காயவில்லை. ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோக வழக்கு. அந்தப் பெண்கள் நின்றதில் ஒரு குறையும் இல்லை. மற்ற மாவட்டத்து நாம் போய் அவர்களோடு நிற்கவில்லை.

கடல் தாண்டியும் பாருங்கள். 2022-இல் கொழும்பு காலி முகத்திடலில் ஏப்ரல் 9-ஆம் தேதி கூடாரம் போட்டார்கள். மூன்று மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். உலகமே பார்த்தது. அதே நாட்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியிலிருந்து தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ராணுவத்திடம் ஒப்படைத்த என் பிள்ளை எங்கே என்று ஒரே கேள்வி. நாள் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அதில் பல தாய்மார்கள் பதில் கிடைக்காமலே செத்துப் போனார்கள். கோட்டாபயவை விரட்டிய கூட்டம் அந்தத் தாய்மார்களின் பந்தலிலும் அவ்வளவு பேராக வந்து உட்கார்ந்திருந்தால் கொழும்பு வாய் திறந்திருக்கும். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்படியானால் நாளையும் நீட்டி, ஆளையும் சேர்த்து ஜெயித்தவர்கள் யார்? டெல்லி எல்லையில் உட்கார்ந்த பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேச விவசாயிகள். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் 26-இல் புறப்பட்டார்கள். தண்ணீர் பீய்ச்சினார்கள், ரோட்டில் ஆணி அடித்தார்கள். பதினொரு சுற்றுப் பேச்சு முறிந்தது. 2021 ஜனவரி 26-இல் செங்கோட்டையில் கலவரம் நடந்தபோது, இதோடு முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். அரசாங்கம் எதற்குக் காத்திருந்தது தெரியுமா? கோதுமை அறுப்புக்கு. பயிர் விளைந்தால் விவசாயி வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? நம் ஊரில் மல்லாட்டை பிடுங்குகிற நேரம் பார்த்துப் பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுப்பார்களே, அதே கணக்குதான்.

அதற்கு அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு ஊர், ஒரு டிராக்டர், 15 பேர், 10 நாள். பத்து நாள் முடிந்ததும் அந்த டிராக்டர் ஊருக்குத் திரும்பும், அடுத்த 15 பேர் வருவார்கள். பயிரும் நின்றது, பந்தலும் நின்றது. எழுநூறு பேருக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் செத்ததாகச் சங்கங்கள் சொல்லின. 2021 நவம்பர் 19, பிரதமரே டி.வி.யில் வந்து சட்டங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். நாலு மாதத்தில் உத்தரப்பிரதேசத்துக்கும் பஞ்சாபுக்கும் தேர்தல். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டார்கள், அது இன்னும் வரவில்லை. வந்ததை வந்ததென்றும் வராததை வராததென்றும் சொல்வோம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசா? ஊர்ப் பேரிலேயே ஏரியை வைத்திருக்கிறோம். ஏரியில் தண்ணி குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சினவர்கள் நாம். இன்று ராத்திரி உனக்கு, நாளை ராத்திரி எனக்கு. கடைமடைக்காரனுக்குத் தண்ணி போய்ச் சேராமல் மேல்மடைக்காரன் மதகைத் திருப்பினால் ஊரே கேட்கும். போராட்டத்துக்கு அந்த முறையைக் கொண்டு வந்தால் போதும்.

நாளை நீட்டினால் என்ன ஆகும் என்று நம் மாநிலத்திலேயே பாருங்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில் 2023-இல் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தரமாட்டோம் என்று பந்தல் போட்டார்கள். நூறு நாள் தாண்டியது. நவம்பரில் அரசு என்ன செய்தது? 20 பேரைப் பிடித்தது, ஏழு பேர் மேல் குண்டர் சட்டத்தைப் போட்டது. ஏர் பிடித்தவன் மேல் குண்டர் சட்டம்! தமிழ்நாடே கேட்டது. சில நாளில் ஆறு பேர் மேல் இருந்த உத்தரவை அரசே திரும்பப் பெற்றது, பிறகு ஏழாவதும் போனது. ஒரு மணி நேர மறியலுக்கு யாராவது குண்டர் சட்டம் போட்டார்களா? நூறு நாள் பந்தலைக் கண்டுதான் அவர்களுக்கு நடுக்கம். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. மேலூர் பக்கத்து ஊர்கள் ஒன்று சேர்ந்தன, மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசே ஏலத்தை ரத்து செய்தது.

இனி நம் வேலை. கேட்பது மூன்று. சம்பா அறுப்புக்கு முன்னால் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும். நெல் கொட்டக் கூரை போட்ட களம் வேண்டும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் நெல்லைக் காயவைக்க மெஷின் வேண்டும். மூன்றும் ஒரு தாளில் எழுதி உத்தரவாகப் போடக்கூடிய விஷயங்கள்.

பந்தல் இங்கே, ரோட்டோரம். ரோட்டின் குறுக்கே இல்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இந்த வழியாகத்தான் 108 போகிறது. அதில் படுத்திருப்பது நம் வீட்டு ஆள். ஒரு மரத்தின் மேல் கோடாலி விழக்கூடாது. ஒரு கல் பறக்கக்கூடாது. வழக்குப் போடக் காரணம் தேடுகிறவர்களுக்கு நாம் ஒன்றும் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை.

முதல் பத்து நாள் ரெட்டணை, 15 பேர். அடுத்தது செண்டூர். அப்புறம் கொல்லியங்குணம், ஆலகிராமம், வீடூர், பேரணி. ரெட்டணைக்காரர் இங்கே இருக்கும் பத்து நாளும் அவர் வயலுக்குச் செண்டூர்க்காரர் தண்ணி கட்டுவார். பதினைந்து பேரில் ஊரிலிருந்து எத்தனையோ, காலனியிலிருந்தும் அத்தனை. ஒரே அடுப்பு, ஒரே பந்தி. பெண்களின் பேரைத் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன், ராத்திரிப் பந்தலுக்கு அவர்களைக் கேட்டுத்தான் ஏற்பாடு.

பெயர் எழுத நோட்டு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. பெரியப்பா, டியூப் லைட்டுக்குக் கீழ நிக்கிறீங்களே, நீங்க எந்த ஊருன்னு சொல்லுங்க. உங்க முறை எப்பன்னு நான் சொல்றேன்.