மராமத்தும் உரையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், நீடாமங்கலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியில் அஞ்சல் படிக்க உதவும் ஒரு மென்பொருளைப் பேணிக்காப்பது பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது அமைப்பாளர் சற்றே தயங்கினார். கவிஞர்கள் கூடும் அவையில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்பது அவருடைய ஐயம். அது நியாயமான ஐயமே. ஆயினும் நான் பேச வந்தது இயந்திரத்தைப் பற்றி அன்று. ஒரு கடிதக் கட்டு எவ்வாறு இருமுறை தொலைந்து, இருமுறையும் கிடைத்தது என்பதைப் பற்றி.

இவ்வூரில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஓய்வுபெற்றபின் 1999இல் தம் மகனோடு வாழச் சிங்கப்பூர் சென்றார். நான் அப்போது சென்னையில் கணினி நிரல் எழுதும் பணியில் இருந்தேன். அறுபது வயதுக்குமேல் அவர் விசைப்பலகை பழகி, எனக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். ஏழாண்டுகளில் 140க்கும் மேற்பட்ட கடிதங்கள். வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒவ்வோர் ஆனியிலும் கேட்பார். என் கவிதைகளைத் திருத்துவார். 'ஐப்பசிக் குறுவை நடவு' என்று ஒருமுறை நான் எழுதிவிட்டேன். "ஐப்பசியில் நடுவது தாளடி. குறுவை அறுத்துக் களத்துக்கு வந்திருக்கும் காலம் அது. பட்டணம் போனதும் பருவத்தை மறந்துவிட்டீரோ?" என்று எழுதினார். அந்தக் கண்டிப்பு எனக்கு எந்தப் பாராட்டிலும் பெரிது. 2006இல் அவர் மறைந்தார்.

அக்கடிதங்களை நான் படித்துவந்த மென்பொருளின் பெயர் குனூஸ். ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவிக்குள் இயங்குவது. எவரும் இலவசமாகப் பெறலாம். அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். அது பிறந்தது அஞ்சலுக்காக அன்று. யூஸ்நெட் என்னும் செய்திக் குழுக்களைப் படிப்பதற்காக மசனோபு உமேதா என்ற ஜப்பானியர் 1980களின் பிற்பகுதியில் அதை எழுதினார். 1994இன் இலையுதிர் காலத்தில் லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன் என்ற நார்வே நாட்டவர் அதை முற்றிலும் புதிதாக எழுதப் புகுந்தார். 132 முன்னோட்ட வெளியீடுகளுக்குப் பின், 1995 நவம்பரில் அது ஈமாக்ஸோடு சேர்ந்து வந்தது. அஞ்சலையும் செய்தியைப் போலவே படிக்கும் முறை அதில் அமைந்திருந்தது.

அந்த முறையில்தான் கடிதங்கள் முதலில் தொலைந்தன. ஆசிரியரின் முதற்கடிதத்தை இரவில் படித்து மகிழ்ந்துவிட்டு, மறுநாள் மீண்டும் திறந்தால் அதைக் காணோம். இரண்டாம் கடிதமும் அவ்வாறே மறைந்தது. அழித்துவிட்டேனோ என்று பதறினேன். அன்று எனக்குத் துணைநின்றது அம்மென்பொருளோடு வரும் கையேடு. செய்தித்தாளை நேற்றுப் படித்தவர் இன்று அதையே எடுத்துப் பார்ப்பதில்லை. அதுபோல, படித்து முடித்தவற்றை இம்மென்பொருள் கண்முன் காட்டுவதில்லை, ஆனால் நீ கேளாதவரை எதையும் அழிப்பதும் இல்லை என்னும் செய்தி அதில் விளக்கமாக இருந்தது. ஒவ்வொரு கடிதமும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்பாக, இன்ன இடத்தில் சேமிக்கப்படும் என்பதையும் அதிலேயே கண்டேன். சென்று பார்த்தேன். 1, 2 என்று வரிசையாக இருந்தன.

இங்கே ஒன்றைக் கருதுங்கள். நிரலில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அந்தக் கையேடு இல்லாதிருந்தால், என்னைப் பொறுத்தவரை அக்கடிதங்கள் அழிந்தவையே. பல நூறு பக்கங்கள் கொண்ட அக்கையேட்டை, நிரலை எழுதியவரே நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கிறார். படிப்பவன் எங்கே அஞ்சுவான், எங்கே இடறுவான் என்று முன்னறிந்து எழுதுவது ஒரு தனிக்கலை. அது நம் உரையாசிரியர்களின் கலை.

அன்பர்களே, எழுதி முடித்த நிரல் அப்படியே கிடந்தால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரைக்கொண்டே விடை சொல்கிறேன். இங்கே மூணாறு தலைப்பில் பெரிய வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. கோரையாறு, பாமணியாறு, சிறிய வெண்ணாறு. மதகு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. ஆனால் ஆறு வண்டலைக் கொண்டுவருகிறது, கரை சரிகிறது, வாய்க்காலில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டுகின்றன. ஆகவேதான் தண்ணீர் திறக்குமுன் ஊர் கூடி வாய்க்கால் வெட்டும் குடிமராமத்து வழக்கம் இங்கே இருந்தது. அவ்வுழைப்பை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் ஏட்டில் ஏற்றியது. 2017இல் அதே பெயரில் தமிழக அரசும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வாய்க்கால் வெட்டியவனின் பெயர் கல்வெட்டில் இருக்கலாம். ஆண்டுதோறும் தூர் எடுத்தவனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போனது அவனால்.

நிரலுக்கும் அதே விதி. நிரல் மாறாவிட்டாலும் அதைச் சூழ்ந்த உலகம் மாறுகிறது. வெறும் ரோமன் எழுத்தாக இருந்த அஞ்சலில் 1990களில் படமும் பல மொழி எழுத்தும் புகுந்தன. பின்னர் அஞ்சல் செல்லும் வழி மறைகுறியாக்கம் பெற்றது. 2022 அளவில் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் பழைய கடவுச்சொல் முறையைக் கைவிட்டு வேறு நுழைவுமுறையைக் கட்டாயமாக்கின. 2024 பிப்ரவரியில் கூகுள் குழுக்கள் யூஸ்நெட்டோடு இருந்த தொடர்பை நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ ஒருவர் அமர்ந்து, பிறர் எழுதிய பழைய வரிகளைப் படித்து, அவற்றின் கருத்து கெடாமல் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தியவர் கையேட்டிலும் அதற்குரிய பத்தியைத் திருத்த வேண்டும் என்பது ஈமாக்ஸ் திட்டத்தின் வழக்கம். நிரல் ஒன்று சொல்ல, உரை வேறொன்று சொன்னால், உரையே இல்லாததைவிட அது கேடு. வழி தெரியாதவன் கேட்டாவது போவான்; தவறான வழிகாட்டியை நம்பியவன் கேட்கவும் மாட்டான்.

இனி, கடிதங்கள் இரண்டாம் முறை தொலைந்த கதை. சில ஆண்டுகளுக்குமுன், ஆசிரியர் நினைவாக அவர் கடிதங்களுள் சிலவற்றை வட்டத்தில் படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள். பழைய கோப்புகளைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளும் அடையாளங்களும் பக்கம் பக்கமாகக் கலந்து கிடந்தன. கோப்பு இருந்தது, ஆசிரியர் இல்லை.

காரணம் இதுதான். 1990களில் கணினித் தமிழுக்குப் பொதுவான குறியேற்றம் வழக்கில் இல்லை. ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். அக்குழப்பத்தைத் தீர்க்க, பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் 1997 முதல் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே விவாதித்து, திஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தனர். கூலி பெறாத உழைப்பு அது. 256 இடங்களில் முற்பாதியை ரோமன் எழுத்துக்கு விட்டு, பிற்பாதியில் தமிழை அடக்கினர். என் ஆசிரியர் எழுதியது திஸ்கியில். பின்னர் ஒருங்குறி பரவியது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் அதை ஏற்றது. பழைய எழுத்துரு என் புதிய கணினியில் இல்லை. கடிதங்களின் தலைப்பிலோ, உள்ளே இருப்பது மேலை ஐரோப்பிய எழுத்து என்று தவறான குறிப்பு.

எண்ணுக்கு எண் மாற்றினால் தீர்ந்துவிடாதா என்றால், தீராது. 'கொ' என்று கையால் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் போடுகிறோம். திஸ்கி அந்தக் கைவரிசையிலேயே மூன்று துண்டுகளாகச் சேமிக்கும். ஒருங்குறியோ மெய்யை முன்னும் உயிர்க்குறியை ஒன்றாகப் பின்னும் வைக்கும். ஆகவே மாற்றுபவன் கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்து வரும் எழுத்தையும் அதற்கடுத்ததையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். தமிழின் எழுத்திலக்கணம் அறியாமல் இதைச் செய்ய இயலாது.

இதைச் செய்துவைத்தவர் யார் என்று தேடியபோதுதான் வியந்தேன். லினக்ஸ் கணினிகளின் அடித்தளமாகிய குனூ சி நூலகத்தில், குறியேற்றம் மாற்றும் பகுதிகளுள் திஸ்கிக்கும் ஒன்று இருக்கிறது. 2002இல் அதை எழுதி அளித்தவர் புரூனோ ஹைப்லே. நிரலின் தொடக்கத்தில், எந்த இடத்தில் எவ்வெழுத்து, கொம்பு முன்வருவதால் நேரும் சிக்கல் என்ன என்றெல்லாம் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. அவர் எழுதி நெடுங்காலம் ஆகியும் அந்நூலகத்தைப் பேணுவோர் அப்பகுதியை வெட்டி எறியவில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் அது கூடவே வருகிறது. நான் செய்ததெல்லாம் ஒரு வரிக் கட்டளை தட்டியது மட்டுமே. திரையில் முதலில் தெளிந்து வந்த வரி, "வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்பது. பெரியோர் நிறைந்த அவை என்பதால், அப்போது நான் இருந்த நிலையைச் சொல்லாமல் விடுகிறேன்.

இதற்கு முன்னோடி நம் காவிரிக்கரையில் உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த உ. வே. சாமிநாதையரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஏடு கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. அப்படியிருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. சமண மரபின் வழக்குகளை அறிந்தாலன்றி அவை திறவா. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. அதாவது மூலம், உரை, அவ்விரண்டையும் இன்னும் பழக்கத்தில் வைத்திருக்கும் மனிதர் என மூன்றும் கூடியபோதுதான் அந்நூல் மீண்டும் வாழ்ந்தது. ஏடு பெயர்த்தெழுதியோர் ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் மூலம் இல்லை. உரையாசிரியர் வாளாவிருந்தால் பொருள் இல்லை. கும்பகோணத்துச் சமணர்கள் படிப்பதைக் கைவிட்டிருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

மென்பொருள் உலகிலும் இம்மூன்றாவதுதான் மிக நொய்ந்தது. உலகமே பயன்படுத்தும் சில நிரல்களை ஓரிருவரே பேணுகின்றனர். அவர்கள் களைத்து விலகினால், பொது இடத்தில் மூலநிரல் கிடக்கும். அதைப் படித்து அறிந்தவர் இரார். கட்டற்ற மென்பொருளின் சிறப்பு, அது இலவசம் என்பதில் இல்லை. விட்டுப்போனதை வேறொருவர் எடுத்துப் பேணலாம் என்னும் உரிமையில் இருக்கிறது. உமேதா விட்ட இடத்திலிருந்து இங்கெப்ரிக்ட்சன் தொடர்ந்தது அவ்வுரிமையால். ஆனால் உரிமை மட்டும் தூர் எடுக்காது. ஆள் வர வேண்டும்.

கவிஞர்களாகிய உங்களுக்கு இதில் என்ன கடமை? இரண்டைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நம்முள் பலர் 1990களில் கணினி அச்சுக்குக் கொடுத்த தொகுப்புகளின் கோப்புகள் எங்கோ ஒரு தட்டில், ஒரு பழைய கணினியில் கிடக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது, எந்த மென்பொருளில் பக்கம் அமைக்கப்பட்டது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அக்கோப்போடு வையுங்கள். அந்த ஒரு தாளே அதற்கு உரை. அது இல்லாத கோப்பு, திறவுகோல் இல்லாத பெட்டி. வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக, உறுப்பினர் ஒவ்வொருவரின் பழைய கோப்புகளையும் திரட்டி ஒருங்குறிக்கு மாற்றித் தர நானும் இவ்வூர் இளைஞர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இரண்டாவது, கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் நல்ல கையேடுகள் மிகக் குறைவு. கணியம் இதழ் 2012 முதல் அவ்வழியில் உழைத்து வருகிறது. அது ஒன்று போதாது. சொல்லை அளந்து இடத் தெரிந்தவர்கள் நீங்கள். படிப்பவன் எங்கே தயங்குவான் என்று உணரத் தெரிந்தவர்கள். நிரல் எழுதுபவன் சொல்லத் திணறுவதை நீங்கள் கேட்டு எழுதித் தரலாம். அக்கையேட்டில் உங்கள் பெயர் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் வரலாம்; வராமலும் போகலாம். ஆனால் ஏதோ ஓர் ஊரில் ஒருவன் தன் ஆசிரியரின் கடிதத்தை இழந்துவிட்டதாக எண்ணித் தவிக்கும் இரவில், நீங்கள் எழுதிய பத்தி ஒன்று அவனுக்கு வழி காட்டும்.

என் ஆசிரியரின் கடிதங்களுள் பத்து இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகின்றன. அவற்றை மீட்டுத்தந்தவர்களுள் ஒருவரும் அவரை அறியார். அவர்கள் சார்பாக நான் உங்களுக்கும், உங்கள் சார்பாக அவர்களுக்கும் நன்றி கூறுகிறேன்.