கல்லறையும் உயிலும் கணக்குப் புத்தகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு குடும்பத்தின் பூர்வோத்திரத்தைப் பழைய கல்லறை, கடிதம், உயில் ஆகியவற்றைக் கொண்டு கண்டுபிடிப்பது எப்படி என்பதாகும். இது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்பட்ட பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. "நீ யார், உன் பாட்டன் யார்?" என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் உலகத்தில் ஒருவனை மேலே உட்காரவைத்து மற்றொருவனை வாசலில் நிறுத்தி வருகிறார்கள். ஆகவே அந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் பதில் மெய்யா பொய்யா என்று ருஜுக் கேட்க வேண்டியது அறிவுள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

வம்சப் பெருமை பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சூரியனிடமிருந்து வந்ததாகச் சொல்லுவார். மற்றொருவர் சந்திரனிடமிருந்து என்பார். இன்னொருவர் ஒரு ரிஷியிடமிருந்து என்பார். "உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்ன?" என்று கேட்டால் விழிப்பார். நூறு வருஷத்துக்கு முந்திய பாட்டன் பெயர் தெரியாதவருக்குப் பல்லாயிரம் வருஷத்துக்கு முந்திய ரிஷியின் பெயர் மட்டும் எப்படித் தெரிந்தது? இதற்குத்தான் ஆதாரம் வேண்டுமென்கின்றோம்.

ஆதாரங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கது ஒன்றுமில்லை. கல்லறை என்பது கல் வாங்கவும், தச்சனுக்குக் கூலி கொடுக்கவும் சக்தியுள்ளவனுக்கே உண்டு. அதில் வெட்டப்படுவது செத்தவன் செய்ததெல்லாம் அல்ல. இருப்பவர்கள் வெளியே தெரியட்டுமென்று விரும்பினது மாத்திரமே. கடிதமோ, எழுதினவன் மறைக்க நினைத்ததை மறைத்துவிடும். உயில் இவ்விரண்டையும்விடக் கொஞ்சம் யோக்கியமான சாட்சி. ஏனெனில் அது பாசத்தைப் பற்றிப் பேசினாலும் பேசாவிட்டாலும் சொத்தைப் பற்றிப் பேசியே தீரவேண்டும். பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால் உறவு எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் தோழர்களே, ஒரு மனிதனே சொத்தாக இருந்தால் அவனுடைய சந்ததியார் என்ன செய்வார்கள்? அவனுக்குக் கல்லறை இல்லை. எழுதப் படிக்க விட்டதில்லை. உயில் எழுத உரிமையில்லை. அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பு மக்களின் நிலைமை இதுதான். 1850, 1860 வருஷங்களில் அந்நாட்டில் எடுத்த ஜனக்கணக்கில் அடிமைகளின் வயதும், ஆணா பெண்ணா என்பதும், நிறமும் எஜமானின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டன. சாதாரணமாக அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பின் 1870-ல் எடுத்த கணக்கிலேதான் அவர்கள் எல்லோரும் பெயருள்ள மனிதர்களாக ஏறினார்கள். அதற்கு முன் தம் பாட்டியைத் தேடுகிறவர்கள், பாட்டியை வைத்திருந்த எஜமானின் உயிலிலும், கடன் பட்டியலிலும், மாடு குதிரைகளின் வரிசையிலும் தேட வேண்டியிருக்கிறது. இப்படித் தேடிக் கண்டுபிடித்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகின்றோம்.

வர்ஜீனியா நாட்டில் மான்டிசெல்லோ என்ற மலை மாளிகையில் வாழ்ந்தவர் தாமஸ் ஜெபர்சன். 1776-ல் இங்கிலீஷ் அரசனுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோமென்று அமெரிக்கர் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தை எழுதினவர். 1801 முதல் 1809 வரையில் அந்நாட்டின் மூன்றாவது பிரசிடெண்டாக இருந்தவர். மனிதருக்குள் பிறவியில் பேதமில்லை என்று உலகத்துக்கு எழுதிக் காட்டிய இந்தப் பெரியவரிடம் அவர் ஆயுட்காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் 600 பேருக்கு மேல் என்றால் ஆச்சரியமாயிருக்கிறதல்லவா?

அவருடைய மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது, மனைவியின் பங்காக வந்த சொத்தில் 135 அடிமைகளும் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் எலிசபெத் ஹெமிங்ஸ் என்னும் அம்மாளும், அவருடைய கைக்குழந்தை சாலியும் உண்டு. அந்தக் குழந்தையின் தகப்பன் வேல்ஸே என்று அக்குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். அப்படியானால் ஜெபர்சனின் மனைவியும் சாலியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். ஒருத்தி எஜமானி, மற்றொருத்தி அவளுடைய சீதனம்! இது எப்படி முடியுமென்று கேட்பீர்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமையே என்று வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் செய்து வைத்திருந்தார்கள். தகப்பன் தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல சட்டம் வேறென்ன வேண்டும்?

ஜெபர்சனின் மனைவி 1782-ல் இறந்துபோனார். 1787-ல் அவர் பாரீஸில் அமெரிக்க ஸ்தானாபதியாக இருந்தபோது, அவருடைய சிறு பெண்ணுக்குத் துணையாக 14 வயதுள்ள சாலி ஹெமிங்ஸ் அங்கே அனுப்பப்பட்டார். பிரான்சில் அவர் சுதந்திரம் கேட்டு அங்கேயே நின்றுவிடச் சட்டத்தில் வழியிருந்தது. தமக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுதலை செய்வதாக ஜெபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே தம் தாயார் 1789-ல் திரும்பிவரச் சம்மதித்தார் என்று பிற்காலத்தில் அவர் மகன் மாடிசன் சொன்னார். அடிமைக்கும் எஜமானுக்கும் நடுவே சம்மதம் என்ற பேச்சுக்கு எவ்வளவு அர்த்தமுண்டு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கையில் ஒன்றுமில்லாத ஒரு சிறு பெண் பிறக்காத பிள்ளைகளுக்காகப் பேரம் பேசினார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருடைய பிள்ளைகளில் பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன் என்ற நால்வர் பெரியவர்களாக வளர்ந்தார்கள்.

இனி ஆதாரங்களைப் பார்ப்போம்.

முதலில் கல்லறை. தம் கல்லில் என்ன வெட்டவேண்டுமென்று ஜெபர்சனே எழுதி வைத்தார். சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா சர்வகலாசாலை என்ற மூன்று மாத்திரம் போதுமென்றார். பிரசிடெண்டாக இருந்ததைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கல்லில் பிறந்த நாள் 1743 ஏப்ரல் 2 என்றிருக்கிறது. நாமோ ஏப்ரல் 13 என்கின்றோம். இங்கிலாந்தும் அதன் குடியேற்ற நாடுகளும் 1752-ல் பஞ்சாங்கத்தை மாற்றிப் 11 நாட்களைத் தள்ளினதே இதற்குக் காரணம். அந்த வருஷம் வரையில் அங்கே புது வருஷம் மார்ச்சு 25-ல் பிறந்தது. ஆகையால் பழைய கல்லில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்குக்கு அது 1721 ஆகும். கல்லில் இருக்கிறதே என்று அப்படியே நம்பினால் தகப்பனுக்கு முன் பிள்ளை பிறந்துவிடும்!

இரண்டாவது கடிதம். ஜெபர்சன் சுமார் 19,000 கடிதங்கள் எழுதியிருக்கிறார். எழுதும்போதே நகல் விழும்படியான யந்திரம் வைத்துக்கொண்டு பத்திரப்படுத்தியுமிருக்கிறார். 1802-ல் ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகைக்காரர் சாலி விஷயத்தைப் பகிரங்கமாக எழுதினார். ஜெபர்சன் பகிரங்கமாகப் பதில் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு பேத்தி 1858-ல் தம் புருஷனுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பிள்ளைகளின் தகப்பன் ஜெபர்சனுடைய சகோதரி மகன் சாமுவேல் கார் என்றார். பேரனோ, மற்றொரு சகோதரி மகனாகிய பீட்டர் கார் என்றார். ஒரே வீட்டுக் குற்றத்துக்கு இரண்டு குற்றவாளிகள்!

மூன்றாவது உயில். 1826 மார்ச்சில் எழுதின உயிலிலும் அதன் அனுபந்தத்திலும் ஜெபர்சன் ஐந்து பேருக்கு விடுதலை கொடுத்தார். ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். அவர்களில் இருவர் மாடிசனும் எஸ்டனும். பெவர்லியையும் ஹாரியட்டையும் 1822-லேயே வெளியே போகவிட்டு, கணக்குப் புத்தகத்தில் ஓடிப்போனதாக எழுதியிருந்தார். மற்றெந்த அடிமைத் தாயின் பிள்ளைகளுக்கும் இப்படி எல்லோருக்கும் விடுதலை கிடைத்ததில்லை. சாலியின் பெயர் உயிலில் இல்லை. ஆனால் அவர் இறந்த பின் எடுத்த சொத்து ஜாப்தாவில் சாலிக்கு விலை 50 டாலர் என்று போட்டிருக்கிறது!

அதே உயிலினால் விடுதலை பெற்ற கொல்லர் ஜோ பாசெட்டின் கதையைக் கேளுங்கள். அவருக்கு விடுதலை, அவருடைய மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் ஜெபர்சனுடைய கடனுக்காக மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். பாசெட்டின் பெண்டு பிள்ளைகளும் அதில் உண்டு. அவருடைய மகன் பீட்டருக்கு அப்போது வயது 11. உயிலில் எழுதினதை மட்டும் படித்தால் எஜமான் தயாளு என்று தோன்றும். எழுதாததையும் சேர்த்துப் படித்தால்தான் உயில் விளங்கும்.

நான்காவது சாட்சி ஒன்று உண்டு. அது ஜெபர்சன் தம் கைப்பட எழுதிய பண்ணைக் கணக்குப் புத்தகம். யார் எப்போது பிறந்தது, யாருக்கு எத்தனை கெஜம் துணி, யாருக்குப் போர்வை, யாருக்கு எவ்வளவு மீன் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சிக்கனத்துக்காக எழுதிய இந்தக் கணக்கே இன்று அந்த மக்களின் சந்ததியாருக்குப் பிறப்புப் பதிவாயிருக்கிறது. சாலியின் பிள்ளைகள் பிறந்த தேதிகளை வைத்து மாதங்களைப் பின்னுக்கு எண்ணிப் பார்த்தால், அவர் கருவுற்ற ஒவ்வொரு சமயத்திலும், அடிக்கடி வெளியூரிலிருந்த ஜெபர்சன் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார்.

மாடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹையோ நாட்டுப் பத்திரிகை ஒன்றில், ஜெபர்சனே தம் தகப்பன் என்று பெயர், தேதி, இடங்களோடு சொன்னார். அப்படியிருந்தும் நூறு வருஷத்துக்கு மேலாகச் சரித்திரக்காரர்களில் பெரும்பாலோர் எஜமான் வீட்டாரின் ஒன்றுக்கொன்று முரணான பேச்சை நம்பினார்கள். அடிமையின் வாக்குமூலத்தை நம்பவில்லை. காரணமென்ன? சொன்னவன் யார் என்று பார்த்தார்களேயொழிய, சொன்னது என்ன என்று பார்க்கவில்லை. அனெட் கார்டன் ரீட் என்ற வக்கீல் அம்மையார் 1997-ல் ஒரு புத்தகம் எழுதி இந்தப் பாரபட்சத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

மறு வருஷமே, 1998-ல், ரத்தம் சாட்சி சொல்லிற்று. தகப்பனிடமிருந்து ஆண் பிள்ளைக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்கிவரும் மரபணுக் கூறு ஒன்று உண்டு. ஜெபர்சனுடைய பெரிய தகப்பனார் வழியில் வந்தவர்களோடு எஸ்டன் வழியில் வந்தவரின் கூறு ஒத்திருந்தது. கார் குடும்பத்தோடு ஒக்கவில்லை. பேத்தி சொன்னதும் பேரன் சொன்னதும் எஸ்டன் விஷயத்தில் விழுந்துபோயின. தாமஸ் உட்சன் என்ற மற்றொருவரும் ஜெபர்சனுக்கும் சாலிக்கும் பிறந்தவரென்று அவருடைய சந்ததியார் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்தார்கள். பரிசோதனையில் அது ஒக்கவில்லை. பாருங்கள்! எஜமான் வீட்டுக் கதை என்றோ அடிமை வீட்டுக் கதை என்றோ ஆராய்ச்சி முகம் பார்ப்பதில்லை. நமக்குப் பிரியமான கதையையும் உரைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறவனே பகுத்தறிவுள்ளவன்.

இந்தப் பரிசோதனை மட்டும் இன்ன ஜெபர்சன் என்று சொல்லாது. அக்குடும்பத்து ஆண் ஒருவர் என்றே சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு மறுப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் உயில், கணக்கு, வாக்குமூலம், ரத்தம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து, மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் ஸ்தாபனமே 2000-ல் இந்த உறவை ஒப்புக்கொண்டது.

இதற்குப் பிறகும் நடந்ததைக் கேளுங்கள். ஜெபர்சன் புதைக்கப்பட்டிருக்கும் இடம் அவருடைய மகள்கள் வழி வந்தவர்கள் 1913-ல் ஏற்படுத்திய ஒரு சங்கத்துக்குச் சொந்தம். அங்கத்தினரானால் அங்கே புதைபட உரிமையுண்டு. ஹெமிங்ஸ் சந்ததியாரைச் சேர்ப்பதா என்று 2002-ல் ஓட்டெடுத்தார்கள். கூடாதென்று 74 பேர். கூடுமென்று 6 பேர். உயிரோடிருக்கும்போது ஒரே கூரைக்குக் கீழ் இருக்கலாம். செத்த பிறகு ஒரே மண்ணில் இருக்கக்கூடாது! சாலி ஹெமிங்ஸ் 1835-ல் இறந்தார். அவரைப் புதைத்த இடம் தெரியாது. அதே மலையில் அடிமைகளைப் புதைத்த இடத்தில் 40-க்கு மேற்பட்ட குழிகள் உண்டு. அவை இன்னாருடையவை என்று சொல்ல ஒரு பெயரும் இல்லை.

"பெரிய மனிதர் ஒருவரைப் பாட்டனாக்கிக்கொள்ளத்தானே ஹெமிங்ஸ் குடும்பத்தார் இவ்வளவு பாடுபட்டார்கள், அதுவும் வம்சப் பெருமைதானே?" என்று கேட்கலாம். எஜமானின் ரத்தம் ஓடுவதில் பெருமை ஒன்றும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். அவர் செய்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதே அந்தத் தஸ்தாவேஜுகளின் தீர்ப்பு. ஆனால் உன் தாய் சொன்னது பொய் என்று நூறு வருஷம் சொல்லிவந்தவர்களிடம், பொய் உங்களுடையது என்று ருஜுவோடு காட்டும் உரிமை மனிதனுக்கு வேண்டாமா? அந்தக் குடும்பத்தில் பெருமைப்படத்தக்கவர், உயில் எழுதினவரல்ல. உயிலில் பெயரில்லாத அந்தத் தாயேயாகும். கல்லில்லாத அவரே பிள்ளைகளை மீட்டவர்.

ஆகவே தோழர்களே! வம்சம் என்று யார் பேசினாலும் ஆதாரத்தைக் கொண்டுவா என்று கேளுங்கள். ஆதாரம் கொண்டுவந்தால், இதை எழுதினவன் யார், எதற்காக எழுதினான், யாரை விட்டுவிட்டான் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கடிதத்தையும் பத்திரத்தையும் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் ஏறாத பாட்டிமார்களின் பெயரை, சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்படித் தேடிப் பார்த்தால் நம் முன்னோரில் சூரியனும் இருக்கமாட்டான், ரிஷியும் இருக்கமாட்டார். உழைத்தவர்களும், கடன்பட்டவர்களும், ஏமாற்றினவர்களும், ஏமாந்தவர்களும், பிள்ளைகளுக்காகப் போராடினவர்களுமே இருப்பார்கள். எல்லாருடைய முன்னோரும் அப்படித்தான் என்று தெரிந்துகொண்டால், பிறவியினால் மேல் என்று சொல்லிக்கொள்ள எவனுக்கும் வாயிராது என்று சொல்லி, இதை இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.